உப்பனாற்றில் மிதந்து போன கூஜா

மாசி 10, புதன்

காலையில் பனி. எட்டு மணிக்கு மேல்தான் வெயில் முகம் காட்டியது.

எழுத்து கோணலாக இருக்கிறது. கோட்டைத் தாண்டிப் போகிறது. ஒன்று யானை மாதிரி, அடுத்தது எறும்பு மாதிரி. மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இதை யாரும் பார்க்கப் போவதில்லை. நோட்டிடமே கேட்டுக்கொள்கிறேன்.

வயது அறுபத்தாறு. முப்பத்தெட்டு வருஷம் மணிலாக் கடலை மண்டியில் மூட்டை தூக்கிய கை. பென்சில் அதற்கு மிகவும் சின்னச் சாமான், பிடி நழுவுகிறது. ஐந்து மாதமாக நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு. என்னைப் போல் பெரியவர்கள் பதினோரு பேர். நேற்று டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார். "தெனம் நாலு வரி எழுதுங்க பெரியவரே. நடந்தத மட்டும் எழுதுங்க. நான் பாக்க மாட்டேன்."

நாலு வரி எப்போதோ தாண்டிவிட்டது. நிறுத்த மனசில்லை.

நாளை கிள்ளைக்குப் பயணம். மாசி மகம் அங்கே. மச்சான் வேலு வீட்டில் தங்கல். வேலு என் மனைவி அலமேலுவின் தம்பி, தோணி வைத்திருக்கிறான். அலமேலு என்று எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. இனிமேல் அ. என்று போடுவேன்.

எடுத்துப் போக வேண்டியவை:
வேட்டி 2
துண்டு 1
அ. புடவை (எத்தனை என்று அவளுக்குத்தான் தெரியும்)
புளிச்சோறு
வேலு வீட்டுக்கு முறுக்கு
நோட்டு, பென்சில் 2, சீவ பிளேடு
கூஜா

கூஜாவைப் பற்றி. பித்தளை, திருகு மூடி. அ. வின் அம்மா முனியம்மாள் கல்யாணச் சீராகக் கொடுத்தது. கொடுத்த வருஷமே அவர் காலமானார். அம்மா சாமான் என்று அ. விடம் இருப்பது அது ஒன்றுதான். பயணத்தில் அவள் மடியை விட்டு இறங்காது. உள்ளே ஒரு வெட்டிவேர் முடிச்சு, தண்ணீர் வாசனைக்கு. தாகம் என்று யார் கேட்டாலும் தண்ணீர் ஊற்றுவாள். கூஜாவைக் கையில் கொடுக்க மாட்டாள்.

கை வலி. போதும்.

மாசி 11, வியாழன். கிள்ளை

பாசஞ்சர் வண்டி. கூட்டம் ஜாஸ்தி. கரி கண்ணில் விழுந்தது. அதற்கும் கண்ணை மூடவில்லை.

இருபது வருஷமாக இந்த வண்டியில் போய்வருகிறேன். ஸ்டேஷன்களை மரத்தை வைத்தும் கிணற்றை வைத்தும் அடையாளம் வைத்திருந்தேன். இன்று எல்லாவற்றுக்கும் பேர் இருக்கிறது. ஆலப்பாக்கம். புதுச்சத்திரம். பரங்கிப்பேட்டை. வண்டி நிற்பதற்குள் படித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. வாய் விட்டுப் படித்திருக்கிறேன் போல. எதிரே கூடை வைத்திருந்த ஆள் சொன்னான்: "பெருசு, நீ கூவ வேணாம். ஸ்டேஷன் ஓடிப் போவாது."

அ. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

வழி நெடுகச் சுவர் எழுத்து. ஓட்டு முடிந்துவிட்டது, எழுத்தை யாரும் அழிக்கவில்லை. எல்லாக் கட்சியையும் படித்தேன். எல்லாரும் நல்லது செய்வதாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வேலு ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். "மாமா, படிப்பு எதுவரைக்கும் வந்திருக்கு?" "சொவரு வரைக்கும்" என்றேன். அவன் பெண்சாதி செங்கமலம் நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். மூன்று முறை சோறு வாங்கினேன்.

மாசி 12, வெள்ளி. மகம்

நடந்ததை எழுத வேண்டும். நல்லதும் கெட்டதும் ஒரே நாளில்.

காலையில் ஸ்ரீமுஷ்ணத்துச் சாமி வந்து இறங்கிற்று. மேளம், வெடி, தூசி. கரையில் நிற்க இடமில்லை. வேலு சொன்னான், "தோணில போயிடலாம் மாமா. உப்பனாறு வழியா மொகத்துவாரம் போனா, தீர்த்தவாரிய எதுக்க இருந்து பாக்கலாம்." வேலு, அ., நான். செங்கமலத்துக்குத் தண்ணீர் என்றால் பயம், வரவில்லை.

உப்பனாறு அப்படி ஒரு அழகு. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரம், வேரெல்லாம் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கிறது. கொக்கு. வேலு கோலை ஊன்றித் தள்ளுகிற சத்தம் மட்டும். புளிச்சோறு தின்று கூஜாத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தோம். அ. மூடியை இறுக்கித் திருகினாள்.

முகத்துவாரம் நெருங்கும்போது தூரத்தில் சாமி தெரிந்தது. அ. கும்பிட வேண்டும். இரண்டு கையும் வேண்டும். "இந்தாங்க, புடிங்க" என்று கூஜாவை என்னிடம் கொடுத்தாள். பயணத்தில் இப்படிக் கொடுப்பது நாற்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு பலகை. நீலப் பலகை, வெள்ளை எழுத்து. உட்கார்ந்தால் மரக்கிளை மறைக்கிறது. கூஜாவைப் பக்கத்தில் விளிம்புப் பலகை மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"மாமா, ஒக்காருங்க. தோணில நிக்காதீங்க."

ஆ. ழ. ம். ஆழம். அ. தி. க. ம். அதிகம். கூட்டி முடித்துவிட்டேன். திரும்பி, "வேலு, ஆழம் அதிகமாம்" என்று சொன்னேன். தோணி ஆடியது. தொப் என்று சத்தம்.

மூழ்கவில்லை. காலிக் கூஜா, மூடி இறுக்கம். தலையை ஆட்டிக்கொண்டு மிதந்தது. வேலு தோணியைத் திருப்புவதற்குள் கடல் தண்ணீர் உள்ளே ஏறும் இழுப்பில் போய்விட்டது. மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வாய்க்கால். அதற்குள் நுழைந்தது. எங்கள் தோணி நுழையவில்லை. பித்தளை ஒரு தடவை வெயிலில் மின்னியது. அப்புறம் இல்லை.

அ. கும்பிட்ட கை அப்படியே இருந்தது. கரையில் இறங்கும்போது வேலுவைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்து இல்லை. "ஒன் மாமாவுக்குப் படிப்பு வந்துது. நம்ம அம்மா பூட்டா."

மாசி 13, சனி

வெயில் கடுமை. காலையிலிருந்து தேடல். வேலுவும் நானும். நாலு வாய்க்கால், இரண்டு மணல் திட்டு. வேலு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேர்களுக்குள் கை விட்டுப் பார்த்தான். நண்டு கடித்தது.

கிடைத்தவை: ஒரு செருப்பு. இரண்டு தேங்காய். யாரோ விட்ட பூமாலை.

வீடு வந்தால் அ. படுத்திருக்கிறாள். மத்தியானம். அவள் மத்தியானம் படுத்து நான் பார்த்ததில்லை. சாப்பிட மாட்டேன் என்றாளாம். செங்கமலம் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. மூட்டை என்றால் தூக்கலாம். நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தேன். அப்போது தோன்றியது. மண்டிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், காணவில்லை என்று. மாடு காணவில்லை, ஆள் காணவில்லை. அந்த மாதிரி எழுதி ஒட்டினால் என்ன? எழுதத் தெரிந்தவன் நான் இருக்கிறேனே.

எழுந்து நின்றுவிட்டேன். இவ்வளவு நாள் எழுதியதெல்லாம் பாடம். அம்மா, ஆடு, இலை. இப்போது நான் எழுதுவதை ஊர் படிக்கப் போகிறது. கூஜா போன துக்கம் ஒரு பக்கம், இந்தச் சந்தோஷம் ஒரு பக்கம். தப்புதான். ஆனால் நடந்ததைத்தானே டீச்சர் எழுதச் சொன்னார்.

அ. விடம் போய்க் கேட்டேன். "கூஜாவுல பேரு வெட்டியிருந்துதே, என்னா பேரு?"

"எங்கம்மா பேருதான். மு போட்டு முனியம்மாளுன்னு. நான் கிட்டக்க நின்னு பாத்தேன். பேர் வெட்டுறவரு சின்ன உளிய வச்சிப் புள்ளி புள்ளியாத் தட்டுனாரு. எதுக்குக் கேக்குறீங்க?"

சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆனால் சோறு கேட்டாள். செங்கமலம் ஓடிப் போய்ப் போட்டாள்.

எழுதியது:

காணவில்லை. பித்தளைக் கூஜா. மாசி மகத்தன்று உப்பனாற்றில் விழுந்து மிதந்து போனது. பிடிக்குக் கீழே ஒரு நசுங்கல். மூடியில் சங்கிலிக்குப் பதில் செம்புக் கம்பி. முனியம்மாள் என்று பேர் வெட்டியிருக்கும். கண்டவர் தோணித் துறை வேலு வீட்டில் கொடுக்கவும். ஒரு அம்மாவின் ஞாபகம். இப்படிக்கு, கோ. தாண்டவராயன்.

ஐந்து படி எழுதினேன். என் பேர் நீளம் என்பது மூன்றாவது படியில்தான் உறைத்தது.

மாசி 14, ஞாயிறு

பசை காய்ச்சியது செங்கமலம். ஒட்டிய இடங்கள்:
தோணித் துறைக் கம்பம்
முடிவெட்டும் கடை
ரயில் ஸ்டேஷன் வெளிச் சுவர் (அங்கிருந்த ஆள் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்)
மீன் ஏலம் போடும் கொட்டகை
காதர் பாய் டீக்கடை

காதர் பாய் கடைக்கு முன்னால் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு பேர் நின்று படித்தார்கள். படித்தார்கள். நான் எழுதியதை. உடம்பெல்லாம் ஓடியது என்னவோ. அதில் ஒருவன், "கூஜாவுக்கு நோட்டீசா, தங்கக் கூஜாவா இருக்கும்டா" என்றான். அடுத்தவன், "அம்மா ஞாபகம்னு போட்டிருக்குடா, சும்மா இரு" என்றான்.

காதர் பாய் வெளியே வந்து, கண்ணாடியைத் துண்டில் துடைத்து மாட்டி, முழுதும் படித்தார். தினம் பேப்பரைக் கடையில் உரக்கப் படிப்பவர் அவர்தானாம். "எழுத்து கொஞ்சம் ஆடுது. வெவரம் ஆடல. நல்லா எழுதியிருக்கீங்க" என்றார்.

அதை அ. விடம் சொன்னேன். "கூஜா வந்துச்சா?" என்று கேட்டாள்.

மாசி 16, செவ்வாய்

வந்துவிட்டது. வந்துவிட்டது. வந்துவிட்டது. மூன்று தடவை எழுதலாம், நோட்டில் இடமிருக்கிறது.

காலை பத்து மணி. காதர் பாய் சொல்லி அனுப்பினார். வேலுவும் நானும் ஓடினோம். அவன் ஓடினான், நான் வேகமாக நடந்தேன். நண்டு பிடிப்பவர் ஒருவர் வேர்களுக்குள் சிக்கிக் கிடந்ததை எடுத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாதாம், பாய் உரக்கப் படித்ததைக் கேட்டிருக்கிறார். நோட்டீஸைப் பார்த்து, "இதுல கூஜாப் படம் இல்லியே" என்றாராம்.

கூஜா பாய் மேஜை மேல். சேறு கழுவியிருந்தது. புதிதாக ஒரு நசுங்கல் விழுந்திருக்கிறது. கம்பி நான் முறுக்கிய கம்பிதான். எடுக்கக் கை நீட்டினேன். பாய் கூஜாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க. பேரு வேறயா இருக்கே."

வேலு: "பாய், மாமா கட்டுன கம்பி அது. எனக்குத் தெரியும்."

"கம்பிய யாரு வேணா கட்டலாம். இது அமானிதம், என்னை நம்பி ஒருத்தன் குடுத்த பொருளு. பேரு சரியா இல்லாம எப்புடிக் குடுப்பேன்? நீங்களே படிங்க. நோட்டீசு எழுதுன கண்ணுதானே."

பிடிக்குக் கீழே, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்கிய புள்ளிகள். வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தேன். மு இல்லை. முதல் எழுத்து த. ன. பா. க்கி. ய. ம். தனபாக்கியம். கீழே சின்னதாக, சிதம்பரம்.

ஒரு பக்கம் நெஞ்சு குதித்தது. யாரும் சொல்லித்தராமல், வேறு பேரை எதிர்பார்த்திருந்தும், அங்கே இருந்ததைப் படித்துவிட்டேன். மறு பக்கம் பயம். முனியம்மாள் எங்கே?

எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான், ஐந்து மாதம் முன்பு வரை இருவருக்கும் எழுத்து தெரியாது. வருகிறவர் போகிறவர் பாத்திரத்தில் பேர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். என்ன பேர் என்று யார் பார்த்தார்கள்?

"பாய்" என்றேன், "மூடியத் தொறக்காதீங்க. உள்ள ஒரு வெட்டிவேரு முடிச்சு இருக்கும். செவப்புப் புடவைக் கரைய கிழிச்சிக் கட்டியிருக்கும்."

அவர் அதுவரை திறக்கவில்லை. திறந்தார். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. முடிச்சு அப்படியே. வெட்டிவேர் வாசனை டீ வாசனையைத் தாண்டிக் கடை முழுதும் வந்தது.

கூஜாவை என் கையில் வைத்தார். "சாமான் ஒங்களுது. பேரு ஒங்களுது இல்ல. அதையும் எங்கேன்னு கேட்டு வைங்க."

வழியில் வேலுவிடம் சொன்னேன், "இப்போதைக்கு வாயத் தொறக்காத."

அ. வாசலுக்கே வந்துவிட்டாள். வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும். உடனே புளி, சாம்பல், தேய்த்தல். பளபளவென்று ஆனதும் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். என் படிப்பைக் கேலி செய்வதைத் தவிர வேறொன்றும் செய்யாதவள். கூஜாவைத் திருப்பி வைத்து, "எங்கம்மா பேர ஒரு தரம் படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என்னைப் படிக்கச் சொல்கிறாள்.

விரலை எழுத்தின் மேல் வைத்தேன். "முனியம்மாள்" என்றேன்.

"இதுல மு எது?"

த வைக் காட்டினேன்.

அவள் அதைத் தடவிப் பார்த்தாள். எவ்வளவு நேரமோ. நான் கொல்லைக்குப் போய்விட்டேன்.

மாசி 17, புதன்

பனி. இருமல் கொஞ்சம். சரியாகத் தூக்கமில்லை.

மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் யார் யாரோ எழுதிய காகிதத்தில் பெருவிரல் வைத்தேன். என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. வாசித்துக் காட்டியவன் வாசித்ததுதான். அதை நினைத்துத்தான் பள்ளிக்கூடம் போனேன். போய் ஐந்து மாதத்தில் நானே அந்த வாசித்துக் காட்டுகிறவன் ஆகிவிட்டேன், அதுவும் இவளிடம்.

காலைக் காபி வந்ததுமே சொல்லிவிட்டேன். வேலு, செங்கமலம் இருக்கும்போதே.

அ. காபியைக் கீழே வைத்தாள். "நேத்து பொய் சொன்னீங்களா?"

"ஆமா."

"படிச்சவங்க புத்தி வந்துட்டுது."

அவள் கூஜாவை எடுத்து மடியில் வைத்தபடி பார்த்தாள். "அப்ப எங்கம்மாது எங்க? நான் கண்ணால பாத்தேன் பேரு வெட்டுனத. அது எங்க?"

"என்ன பேருன்னு சொன்னீங்க?" என்று செங்கமலம் கேட்டாள்.

"தனபாக்கியம். சிதம்பரம்."

செங்கமலம் கரண்டியோடு வந்தாள். "செதம்பரம் தனபாக்கியம் எங்க சின்னம்மா இல்ல? எங்கம்மா கூடப் பொறந்தவங்க."

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சு. வேலு கல்யாணம் முப்பது வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு சத்திரத்தில். இரண்டு வீட்டுப் பெண்களும் கூஜா கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் எல்லாக் கூஜாவும் ஒரே அச்சு. பந்தி முடிந்ததும் பாத்திரத்தையெல்லாம் தேய்த்துக் கிணற்றடியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள். பேரைப் பார்த்து அவரவர் எடுத்துக்கொள்வது வழக்கம். அ. பேர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இருந்தது. எடுத்துக்கொண்டாள்.

வேலு: "எங்கல்யாணத்துல பொண்ணு மாறல, கூஜாதான் மாறியிருக்கு."

செங்கமலம்: "பொண்ணு மாறியிருந்தா கூடத் தேவல."

அ. சிரிக்கவில்லை. "சின்னம்மா உசுரோட இருக்காங்களா?"

"அவங்களுக்கென்ன. எமன் வந்தாலும் உள்ள வந்து காபி குடிச்சிட்டுப் போடான்னுவாங்க."

நாளை சிதம்பரம்.

மாசி 18, வியாழன். சிதம்பரம்

பஸ். நானும் அ. வும் செங்கமலமும். சிதம்பரம் முழுதும் போர்டு. ஜவுளி, மருந்து, சைக்கிள், கொத்சு தயார். கழுத்து சுளுக்கிக்கொண்டது. கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கவே மறந்துபோனேன். அ. என் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தெற்கு வீதிக்குப் பின்னால் சந்து. சின்னம்மாவுக்கு எழுபத்திரண்டு இருக்கும். கண்ணாடி. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்க சம்மந்தி, வா அலமேலு" என்றவர், அ. மடியில் இருந்த கூஜாவைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்தார்.

"வந்துட்டுதா" என்றார்.

அ.: "சின்னம்மா, இது ஒங்களுதா?"

"என்னுதுதான்."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு மறுநாள். தேய்க்கிறப்பப் படிச்சேன், முனியம்மாள்னு இருந்துது."

செங்கமலம்தான் கேட்டாள். "முப்பது வருசமாவா சின்னம்மா?"

"நீங்களா வந்து கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கல. ஒங்களுது கனம் ஜாஸ்தி, வார்ப்பும் நல்லா இருந்துது, சும்மா இருந்துட்டேன். ஒங்க வூட்டுல படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லேன்னு எனக்கென்ன தெரியும்? வேணும்னேதான் மாத்திக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

எழுந்து உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம். கொண்டுவந்து அ. எதிரே வைத்தார். ஒரு நசுங்கல் இல்லை. சங்கிலி இருக்கிறது. நேற்று கடையில் வாங்கியது மாதிரி.

அ. தொடவில்லை. என்னைப் பார்த்தாள். நான் படித்தேன், மெதுவாக, விரல் வைத்து. மு. னி. ய. ம். மா. ள். சின்னம்மா எட்டிப் பார்த்து, "சரியாத்தான் படிக்கிறாரு" என்றார். அதற்குப் பிறகுதான் அ. எடுத்தாள். அம்மா என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், கூஜாவுக்குள்.

அவ்வளவில் முடிந்திருக்கும். சின்னம்மா தன் கூஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டார். "ரெண்டு எடத்துல நசுக்கி வச்சிருக்கீங்களே. சங்கிலி எங்க?" செங்கமலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருசம் தெரிஞ்சே வச்சிருந்துட்டு நசுங்கலப் பேசுறீங்களா? நாளைக்கே எல்லாருக்கும் சொல்லிடறேன் பாருங்க."

சின்னம்மா முகம் மாறிவிட்டது. முதல் தடவையாக வயசானவராகத் தெரிந்தார். என் பக்கம் திரும்பிச் சொன்னார், "சம்மந்தி, ஒங்களுக்கு எழுத வருதே. ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. கல்யாணத்துல தவறுதலா மாறிப் போச்சு, இத்தன வருசமும் தவறுதலாத்தான் இருந்துது, இன்னைக்கு அவங்கவங்களுது அவங்கவங்க வாங்கிட்டோம்னு. நான் போனப்புறம் என்னைத் திருடின்னு யாரும் பேசக் கூடாது."

காகிதமும் பேனாவும் வந்துவிட்டது. மைப்பேனா. நான் அதுவரை பேனா பிடித்ததில்லை. அப்படி ஒரு சந்தோஷம். மாறிப் போனது என்பது வரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. தவறுதலாக மாறியது உண்மை. முப்பது வருஷமும் தவறுதலாக அவரிடம் இருந்தது என்பது உண்மை இல்லை. எல்லாமே தவறுதல் என்று எழுதச் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை நான் செய்த வேலையை இப்போது மையில் செய்ய வேண்டும்.

"அது வராது சின்னம்மா" என்றேன். "ஒங்களுக்குத் தெரியும்னு நீங்களே சொன்னீங்க. நடந்தத எழுதறேன். நடக்காதத எழுத மாட்டேன்."

செங்கமலம்: "அப்புடிப் போடுங்கண்ணா."

சின்னம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

அ. அதுவரை அம்மா கூஜாவை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள், குழந்தை மாதிரி. நிமிர்ந்தாள். "எழுதுங்க" என்றாள்.

"பொய்யி அலமேலு."

"இருக்கட்டும். இது நம்ம வூட்டுல இருந்திருந்தா என்னா ஆயிருக்கும்? பிடியில நசுங்கியிருக்கும். சங்கிலி அறுந்திருக்கும். ஆத்துல விட்டிருப்பீங்க. எங்கம்மா கையால குடுத்தப்ப எப்புடி இருந்துதோ அப்புடி வச்சிருக்காங்க. எனக்கு வேற யாரு வச்சிருப்பா? தவறுதலான்னு எழுதுங்க."

எழுதினேன். அந்த ஒரு வார்த்தை எழுத எவ்வளவு நேரம் ஆனது தெரியாது. சின்னம்மா கண்ணாடியை மாட்டிப் படித்தார். "நசுங்கல் ரெண்டு, சங்கிலி இல்லைன்னும் போடுங்க" என்றார். போட்டேன். செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

சின்னம்மா கையெழுத்து. என் கையெழுத்து. அ. பெருவிரல். அவள் விரலில் மை தடவி நானே பிடித்து வைத்தேன். வைப்பதற்கு முன்னால் முழுதும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி.

மாசி 19, வெள்ளி. வீடு

திருப்பாதிரிப்புலியூர் வந்து சேர்ந்தாயிற்று. வெயில். வாசலில் இலைச் சருகு, அடுப்பு ஜில்லென்று. சாயங்காலம் வகுப்பு. ஒரு வாரப் பாடம் போய்விட்டது.

அ. அம்மா கூஜாவில் தண்ணீர் நிறைத்தாள், குடித்தாள். புது வெட்டிவேர் போட்டாள். அலமாரியில் வைத்தாள். எடுத்தாள். கனமாக இருக்கிறதாம், மணிக்கட்டு வலிக்கிறதாம்.

இப்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு. "சின்னம்மாவுக்கு ஒரு கார்டு போடணும்."

"என்னான்னு? நலமான்னா?"

"அவுங்க நலமாத்தான் இருப்பாங்க. அந்தக் கூஜாவ எங்க வச்சிருக்காங்கன்னு கேளுங்க. அது காத்துப் படாம இருந்தா கறுத்துப் போவும். புளி மட்டும் போட்டாப் பத்தாது, கடைசியில சாம்பல் போடணும். முப்பது வருசம் அவுங்களுக்கு அதத் தேய்ச்சிப் பழக்கமில்ல. பொங்கலுக்கு நான் வந்து பாக்குறேன்னு எழுதுங்க."

பொங்கலுக்குப் பத்து மாதத்துக்கு மேல் இருக்கிறது என்றேன். அப்படியானால் சித்திரைக்கு என்று எழுதச் சொல்கிறாள்.

கார்டு கையில் இல்லை. பென்சிலும் அரை விரல் நீளம்தான். திங்கட்கிழமை தபால் ஆபீஸ் போய் வாங்கி, அடுத்த வாரம் எழுதிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நோட்டிலும் அப்போதுதான்.